நான்கு வாற்று போதும், மருமகனே!



பதிவு நீளம். கொஞ்சம் சூடாகவும் இருக்கும். பொறுமை உள்ளவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

அமெரிக்காவில் லொறி ஓட்டும் என் மருமகன், பழைய சாமான் விற்ற இடமொன்றில் ஒரு சிபி ரேடியோ வாங்கியிருக்கிறார். வீட்டு மேசையில் வைத்துப் பேசும் பெரிய பெட்டி. 1980களில் செய்தது. லீவு நாளில் வீட்டில் இருந்தபடியே ரோட்டில் போகும் கூட்டாளிமாரோடு கதைக்க ஆசை. நல்ல ஆசைதான். போன கிழமை வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பினார்: "மாமா, நீங்க சயன்ஸ் சேர்தானே. இதுக்குள்ள ஒரு சின்னத் திருகு இருக்காம். அதத் திருப்பினா 4 வாற்று 10 ஆகுமாம். ஒருத்தர் காசு வாங்கிட்டு செஞ்சு தாறேன் எங்கிறார். செய்யலாமா?"

செய்யக்கூடாது. அவருக்குச் சொன்ன காரணங்களை இங்கேயும் எழுதுகிறேன். இந்தத் திருகு வைத்தியத்தைப் பெரிய வித்தை மாதிரிக் காட்டும் வீடியோக்களை எங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

சிபி என்பது அமெரிக்காவில் சாதாரண மக்கள் பேசுவதற்கென்று 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஒதுக்கிய அலை. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, எந்த இடத்தில் டீசல் இருக்கிறது என்று லொறிக்காரர்கள் இதில்தான் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். 1977இல் 23 சேனல் 40 ஆனது. இன்று லைசன்ஸ் தேவையில்லை, பரீட்சை தேவையில்லை, மாதக் கட்டணம் இல்லை. இவ்வளவையும் சும்மா தந்துவிட்டு விதித்த முக்கியமான நிபந்தனை இதுதான்: ஏ.எம். முறையில் 4 வாற்றுக்கு மேல் போகாதே.

இப்போது கணக்குக்கு வாருங்கள். கேட்பவரின் பெட்டியில் சிக்னல் காட்டும் ஊசி ஒரு படி ஏற வேண்டுமென்றால், அனுப்பும் வலு நான்கு மடங்காக வேண்டும். அதாவது 4 வாற்று 16 ஆக வேண்டும். 4ஐ 10 ஆக்கினால் ஒரு படி கூட முழுதாக ஏறாது. மற்றப் பக்கம் இருப்பவருக்கு வித்தியாசம் தெரிந்தால் பெரிய விஷயம். இதற்குத்தான் காசு கேட்கிறார்கள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஏ.எம்.மில் பட்டனை அழுத்திப் பிடித்ததும் போவது வெறும் காவி அலை. அந்த 4 வாற்றுக்குள் குரல் இல்லை. குரல் அதன் மேல் ஏறி இறங்கும்போது, உச்சத்தில் அது நான்கு மடங்கு, அதாவது 16 வாற்று வரை போக இடம் வேண்டும். இந்தப் பெட்டிகளின் கடைசி ட்ரான்சிஸ்டர் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டது. காவி அலையை 10 ஆக்கினால் உச்சம் 40 போக வேண்டும். அது எங்கே போவது? முடியாமல் மேலே வெட்டுப்படும். வாற்று மீற்றரில் ஊசி அழகாக ஏறும், குரல் நசுங்கிக் கரகரக்கும். மீற்றரைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு" என்று கூட்டாளி கேட்பார்.

அதோடு நிறுத்துவார்களா? குரலைக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கும் பகுதியையும் வெட்டி விடுவார்கள். அப்போது உங்கள் குரல் உங்கள் சேனலில் மட்டும் நிற்காது. 8ஆம் சேனல் 27.055, 9ஆம் சேனல் 27.065. நடுவில் இருப்பது 10 கிலோஹேர்ட்ஸ் மட்டும். 9ஆம் சேனல் அவசர உதவிக்கும் வழியில் மாட்டிக்கொண்ட பயணிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஃபோன் சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில் ஒருவர் உதவி கேட்கும் நேரத்தில், பக்கத்துச் சேனலில் உங்கள் வெட்டுப்பட்ட குரல் சிதறி அவர் குரலை மூடினால் அதற்கு யார் பொறுப்பு? திருப்பித் தந்தவர் வரமாட்டார். இன்னொன்று: 27இன் இரட்டிப்பு 54. அங்கே 2ஆம் நம்பர் டீவி சேனல் 54இல்தான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டு டீவியில் கோடு விழ வைத்த பழைய சண்டைகள் பலதுக்கும் காரணம் இதுதான்.

"எல்லாரும் செய்றாங்க மாமா, 6ஆம் சேனல்ல ஆயிரக்கணக்கான வாற்று ஓடுது" என்றார் மருமகன். ஓடட்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரம் கத்தினால் நாற்பது பதிலும் கிடைக்குமா? ஒன்றும் கிடைக்காது. இன்னும் உரக்கக் கத்துவது அதற்கு மருந்தில்லை.

திருகைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடப் பெட்டி. உள்ளே கொள்ளளவிகள் காய்ந்திருக்கும், வலு 2க்கு இறங்கியிருக்கும். அதை 4க்குக் கொண்டு வருவது திருத்த வேலை. 4ஐத் தாண்டுவது களவு. திருத்துவதாக இருந்தாலும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அன்டனாவில் பேசிக்கொண்டே திருகக்கூடாது, 50 ஓம் போலிச் சுமையில் மாட்டித்தான் திருக வேண்டும். சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் வெடித்துப்போகும், பிளாஸ்டிக் கருவி வேண்டும். வீட்டுப் பெட்டிக்குள் மெயின் கரண்ட் ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையில் தூரம் போக வேண்டுமா? காசைக் கேபிளிலும் அன்டனாவிலும் போடுங்கள். 30 மீற்றர் மெல்லிய கேபிளில் வலுவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடும். நல்ல கேபிள் போட்டு, அன்டனாவைக் கூரைக்கு மேலே உயர்த்தினால் பேசுவதும் கூடும், கேட்பதும் கூடும். திருகைத் திருப்பினால் கேட்பது ஒரு துளி கூடக் கூடாது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். பேசும் வலுவைக் கூட்ட எத்தனை பேர் வருகிறார்கள்! கேட்கும் திறனைக் கூட்ட வழி கேட்டு ஒருவரும் வருவதில்லை.

ஊரில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. வீடியோவைப் பார்த்துவிட்டு இப்படியொரு பெட்டியை இங்கே எடுப்பிக்க வேண்டாம். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே பிழை. ரேடியோவில் ஆசை உள்ளவர்கள் படித்து, பரீட்சை எழுதி, அமெச்சூர் லைசன்ஸ் எடுங்கள். அதற்கு என்னால் முடிந்த உதவியைச் செய்வேன், இன்ஷா அல்லாஹ்.

மருமகன் நேற்று மறுபடி வொய்ஸ் அனுப்பினார்: "அந்த ஆளுக்கு வேணாம்னு சொல்லிட்டேன் மாமா. கேபிள் விலை பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பிழை இருந்தால் கொமென்டில் திருத்துங்கள். திட்டுவதற்கு வருபவர்கள் முதலில் அந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.