ஏவுதற் கருத்தா

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலையாகும். அவன் புகழைப் போலவே, அம்மலையில் நின்ற பாவை ஒன்றின் புகழும் சங்கப் பாடல்களில் விளங்குகின்றது. காற்று மிக வீசினும், மழை பொழியினும், நிலமே நடுங்கினும் அப்பாவையின் உருவம் கெடாது என்கிறது நற்றிணை. அரக்கர் நெருங்குவதை அறிந்தவுடன் அது தானே நகைக்கும். அந்நகையால் அவர்களை மயக்கிக் கொல்லும். முனிவர்களைக் காக்க அமைக்கப்பட்டது அது என்பது வழிவழியாக வரும் கதை. இன்று அம்மலையிலுள்ள எட்டுக்கை அம்மனையே அப்பாவையாகக் கருதி மக்கள் வழிபடுகின்றனர்.

பாவையை அமைத்தவர் அதனை நிறுத்திவிட்டு அகன்றனர். அதன்பின் வருபவன் அரக்கனா அல்லனா எனத் துணிவதும் பாவை, கொல்வதும் பாவை. தேனெடுக்க வந்த குறவன் ஒருவனை அது அரக்கனென்று பிழையாகக் கொண்டிருந்தால் பழி யாரைச் சேரும்? கதை இதற்கு விடை கூறவில்லை. நாமோ விடை கூறியே ஆக வேண்டிய காலத்தில் வாழ்கின்றோம்.

ஏனெனில், தானே துணிந்து தானே செய்யும் பொறிகள் இப்போது அலுவலகங்களுக்குள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு முகவர் என்றும், ஏஐ ஏஜென்ட் என்றும் அவற்றை வழங்குகின்றனர். கேட்ட வினாவிற்கு விடை கூறி அமைவது பழைய கணிப்பொறி நிரல். முகவரோ, ஒரு வேலையை ஒப்படைத்தால் அதனைப் பல படிகளாகத் தானே பகுத்துக்கொண்டு, கடிதம் எழுதும், பதிவேட்டைத் திருத்தும், பணம் செலுத்தவும் இசைவளித்தால் அதனையும் செய்யும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனமும் 2025ஆம் ஆண்டில் இத்தகைய முகவர்களை அமைத்துக்கொள்ளும் வசதியை வெளியிட்டது. இவை பயனற்றவை என்று கூறுவார் உளராயின் அவரோடு நான் உடன்படேன். ஒரு தாளுக்காகப் பத்து நாள் காத்திருந்தவனுக்கு ஒரே இரவில் வேலை முடிவது பெரும் பேறு.

ஆயின் பெயரிலேயே ஓர் இடர் உள்ளது. 'முகவர்' என்பது உயர்திணைச் சொல். பொறியோ அஃறிணை. அஃறிணைக்கு உயர்திணைப் பெயர் சூட்டியதும், உயர்திணைக்குரிய பொறுப்பையும் அதன் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முனைகின்றோம்.

மாணவர்களே! மூன்றாம் வேற்றுமையை நீங்கள் கற்றிருப்பீர்கள். 'ஆல்' என்னும் உருபு கருவியையும் காட்டும்; கருத்தாவையும் காட்டும். கருத்தாவும் இருவகைப்படும். தஞ்சைப் பெரிய கோயில் இராசராசனால் கட்டப்பட்டது என்னும்போது அவன் ஏவுதற் கருத்தா. சிற்பியரால் கட்டப்பட்டது என்னும்போது அவர்கள் இயற்றுதற் கருத்தா. உளியும் சுத்தியும் கருவிகள். நேற்றுவரை கருவியாக இருந்த பொறி, இன்று இயற்றுதற் கருத்தாவின் இடத்திற்கு ஏறிவிட்டது. ஏறட்டும். ஏவுதற் கருத்தாவின் இடம் மட்டும் ஏவியவரைவிட்டு நீங்குவதில்லை.

உலகம் இதனை இடர்ப்பட்டே கற்றுவருகின்றது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ரெப்ளிட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் முகவர், எதனையும் மாற்றற்க என்று கட்டளை இருந்தும், ஒரு வணிகரின் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. காரணம் கேட்டபோது, தான் பதற்றமுற்றதாக விடை எழுதிற்று! மன்னிப்புக் கேட்டவர் அந்நிறுவனத்தின் தலைவரே. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடு பொறி, கட்டணச் சலுகை பற்றிப் பயணி ஒருவருக்குப் பிழையான செய்தி தந்தது. அப்பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதுபோல் நிறுவனம் வாதிட்டது. 2024ஆம் ஆண்டில் கனடா நாட்டுத் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. நம் இலக்கணத்தை அறியாதவராயினும் அவர் கண்டது நம் இலக்கணமே.

வணிகர் இழந்ததைப் பொருளால் ஈடுசெய்யலாம். ஏழை இழப்பது அத்தகையதன்று. தெலங்கானா மாநிலத்தில், 2016ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 19 இலட்சம் உணவு அட்டைகள் நீக்கப்பட்டன. கணிப்பொறி பல துறைப் பதிவேடுகளை ஒப்பிட்டுத் தகுதியற்றோரைக் குறித்தது. குடும்பத்தாருக்கு முன்னறிவிப்பு இல்லை. நேரில் சென்று மறு ஆய்வு செய்யுமாறு 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது இன்றைய முகவரைப் போன்ற ஆற்றலுடைய பொறியும் அன்று. பதிவேடுகளை ஒப்பிடும் நிரலே. அதற்கே இத்துணை அல்லல்.

கொல்லிமலைக்கே மீள்வோம். அங்கு வாழும் பழங்குடியினரின் பெயர் 'மலையாளி' என்பது. மலையை ஆள்பவர் என்று பொருள் கூறுவர். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லென்று படித்தவரே மயங்கக் கண்டிருக்கின்றேன். பழங்குடிச் சான்றிதழ் வேண்டும் மாணவன் ஒருவனின் விண்ணப்பத்தை நாளை ஒரு முகவரிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை பெயர் ஓரிடத்தில் செல்லன்; மற்றோரிடத்தில் செல்லப்பன். இருவரும் ஒருவரே என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அறிவார், ஊரார் அறிவர். பொறி எழுத்தை மட்டுமே அறியும். 'தகுதியில்லை' என்று அது எழுதிவிட்டால் அச்சிறுவனின் கல்லூரிப் படிப்பு என்னாவது?

திருக்குறளில் தெரிந்துதெளிதல் முதலிலும் தெரிந்துவினையாடல் அதன் பின்னும் அமைந்துள்ளன. ஆராய்ந்து நம்பிய பிறகே வேலையைத் தருதல் என்னும் முறை அது. தந்தபின்னும் நாள்தோறும் நோக்குதல் அரசன் கடன் என்பதையும் அப்பகுதியே கூறுகின்றது. ஆதலின் தாள்களைத் திரட்டுதல், அடுக்குதல், விடுபட்டதைச் சுட்டுதல் ஆகியவற்றை முகவரிடம் தாராளமாக விடலாம். ஒருவருக்கு ஒன்றை 'இல்லை' என மறுக்கும் முடிவும், அழித்தால் மீளாத ஒன்றை அழிக்கும் முடிவும் மனிதர் ஒருவரின் கையொப்பத்தோடு மட்டுமே வெளிவர வேண்டும். அவர் பெயரும் பதவியும் அத்தாளில் தெளிவாக அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மேல்முறையீடு செய்யச் செல்லும் தந்தை, யாரைக் காணப் போகின்றோம் என்பதை அறிந்தே செம்மேட்டில் பேருந்து ஏற வேண்டும்.