புள்ளி வச்சா மட்டும் போதுமா?

கைத்துப்பாக்கியில லேசர்ங்கிற விஷயத்தை உலகம் பூரா பரப்புனது நம்ம அர்னால்டு அண்ணன்தான். 1984ல வந்த 'டெர்மினேட்டர்' படத்துல, நீட்டுத் துப்பாக்கி மேல இன்னொரு துப்பாக்கி சைஸுக்கு ஒரு குழாய் உட்கார்ந்திருக்குமே, அது ஹீலியம்-நியான் லேசர். அது குடிக்கிற கரண்டைத் துப்பாக்கிக்குள்ள அடக்க முடியாம, ஒயரை அவர் ஜாக்கெட்டுக்குள்ள விட்டுப் படம் எடுத்தாங்க. அதுக்கப்புறம் ஹாலிவுட்ல இருந்து கோடம்பாக்கம் வரைக்கும் ஒரே விதிதான். நெஞ்சுல செவப்புப் புள்ளி விழுந்தா ஆள் காலி!

இந்த சினிமா லாஜிக்கை நம்பி நெஜமாவே காசைக் கொட்டுறாங்கப்பா இங்க அமெரிக்காவுல. லேசர் உதவாதுன்னு நான் சொல்ல வரலை. ஆனா பெரும்பாலான ஆளுங்க எதுக்காக அதை வாங்குறாங்களோ, அந்த வேலையை அது செய்யாது. இதான் என் கட்சி.

டிஸ்கி: நான் ஹெச்-1பியில பொட்டி தட்டுறவன். அந்த விசாவுல இருக்குறவங்க, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இல்லாம துப்பாக்கி வச்சிருக்கவே கூடாதுன்னு சட்டம். அதனால நான் சுடுறவன் இல்லை, காதுல மஃப் மாட்டிக்கிட்டுப் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்குறவன். சுடுறது பச்சை அட்டை வாங்கிட்ட நண்பர். டல்லாஸ் பக்கம் அவர் அபார்ட்மெண்ட்ல நாலு வீடு தள்ளித் திருட்டு நடந்ததுல இருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லை. ஒரு 9 எம்எம் கிளாக் வாங்கிட்டார். "மாப்ள, இதுல லேசர் மாட்டிட்டா புள்ளியை வச்சு அமுக்குனா போதும்ல? உங்க அக்காகூட சுட்டுருவா"ன்னு கேட்டார். பக்கத்து ரூம்ல மூணு வயசுப் பொண்ணு தூங்குது. அதனால இது எனக்குச் சும்மா டெக்னிக்கல் விவாதம் இல்லை.

முதல்ல லேசருக்கு உரிய மரியாதையைக் குடுத்துருவோம். சாதா சைட்ல (காலேஜ் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :-)) பின் சைட், முன் சைட், எதிராளின்னு மூணு தூரத்துல மூணு பொருள் இருக்கும். கண்ணு ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தெளிவாப் பார்க்கும். முன் சைட்டைப் பாருன்னு வாத்தியார் சொல்லுவார். எதிர்ல கத்தியோட ஒருத்தன் நின்னா எவன் கண்ணு முன் சைட்டுக்குப் போகும்? அவன் மேலதான் நிக்கும். லேசர்ல அந்தச் சண்டையே இல்லை, பார்க்குற எடத்துலயே புள்ளி. வெள்ளெழுத்து வந்தவங்களுக்கு இது வரப்பிரசாதம். கீழ விழுந்து கிடக்கும்போது, கையை முகத்துக்கு நேரா தூக்க முடியாத நேரத்துல, இருட்டுல, கண்டிப்பா கை குடுக்கும்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். தோட்டா நிரப்புன கிளாக் 19 சுமாரா 850 கிராம். அதோட விசையை இழுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ விசை வேணும். முக்கால் கிலோ தக்காளிப் பையை ஒரு கையில ஆடாம பிடிச்சுக்கிட்டு, அதே கையோட ஒத்த விரலால அதைப் போல மூணு மடங்கு பலத்துல இழுங்க பார்ப்போம். ஆடும். ஒரே ஒரு டிகிரி ஆடுனா 7 கஜ தூரத்துல குண்டு கிட்டத்தட்ட நாலரை இன்ச் தள்ளிப் போயிரும். லேசர் காட்டுறது அமுக்குறதுக்கு முன்னாடி துப்பாக்கி எங்க பார்த்துச்சுங்கிறதை. அமுக்கும்போது கை பண்ற கோளாறை அது சரி பண்ணாது.

பயிற்சி எடுத்த போலீஸ் கதையையே பாருங்க. நியூயார்க் போலீஸ் பத்தி 2008ல ராண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வுல, 1998 முதல் 2006 வரைக்கும் ரெண்டு பக்கமும் சுட்டுக்கிட்ட சம்பவங்கள்ல போலீஸ் குண்டு இலக்குல பட்டது 18 சதவீதம். எதிராளி திருப்பிச் சுடாதப்பவே 30 சதவீதம்தான்! 2012 ஆகஸ்ட்ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளிய ரெண்டு போலீஸ்காரங்க 16 தடவை சுட்டாங்க. கொலைகாரன் செத்தான், கூடவே ஒன்பது வழிப்போக்கர்களுக்குக் காயம். "அதுக்குத்தான் லேசர் வேணுங்கிறோம்"னு லேசர் கட்சிக்காரங்க சொல்லலாம். ஆனா அந்த ஊர் போலீஸ் துப்பாக்கிக்கு அப்போ இருந்த விசை 12 பவுண்டு, அதாவது அஞ்சரைக் கிலோ. அதோட பயம், நடுக்கம், ஓடுற ஆளு. இதுல எதைப் புள்ளி மாத்தும்?

அடுத்தது நேரம். சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டூலர் 1983ல எழுதுனது இந்த வட்டாரத்துல ரொம்பப் பிரபலம்: 21 அடி தூரத்துல கத்தியோட நிக்கிறவன் சுமார் ஒன்றரை செகண்டுல நம்ம மேல வந்து விழுந்துருவான். அந்த ஒன்றரை செகண்டுல புள்ளி எங்கடான்னு தேடுறதை நான் ரேஞ்ச்ல கண்ணால பார்த்தேன். நம்ம நண்பர் துப்பாக்கியைத் தூக்குறார், புள்ளி தெரியலை, அட்டையில அங்கயும் இங்கயும் துழாவுறார். பக்கத்துல நின்ன அறுபது வயசுப் பெரியவர் சாதா சைட்ல மூணு குண்டு போட்டு முடிச்சுட்டார்.

பச்சை லேசர் வாங்குனா தெரியுமேன்னு கேப்பீங்க. நியாயம்தான். நம்ம கண்ணு வெளிச்சத்துல 555 நானோமீட்டர் பக்கம்தான் ரொம்ப கூர்மை. அதனால ஒரே சக்தியில 520 நானோமீட்டர் பச்சை, 650 செவப்பை விட ஆறேழு மடங்கு பளிச்சுனு தெரியும். பழைய 532 பச்சை லேசர் அகச்சிவப்புல இருந்து படிகம் வழியா சுத்தி வளைச்சு பச்சையை எடுக்கும், குளிர்ல மக்கர் பண்ணும். இப்போ நேரடி பச்சை டயோடு வந்ததுல அந்தத் தொல்லை குறைஞ்சிருக்கு. ஆனாலும் உச்சி வெயில்ல பச்சையும் திணறும், ஏன்னா சக்தி 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாதுன்னு அளவு வச்சிருக்காங்க. (பொறியியல் படிச்சதுக்கு இந்தப் பத்தியாவது எழுத வேண்டாமா!)

இன்னொண்ணு, லேசர் குழலுக்குக் கீழயோ பக்கவாட்டுலயோ உட்காருது. ஒரு இன்ச் கீழ மாட்டி 10 கஜத்துக்குச் சரி பண்ணா, 20 கஜத்துல குண்டு புள்ளிக்கு ஒரு இன்ச் கீழ விழும். வீட்டுக்குள்ள இது கணக்கே இல்லை, விட்டுருங்க.

கணக்குல வர்றது வேற. புள்ளி எங்கன்னு லேசர் சொல்லும், அங்க நிக்கிறது யாருன்னு சொல்லாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல நிழல் ஆடுனா அது திருடனா, தண்ணி குடிக்க எந்திரிச்ச பொண்டாட்டியா? அதுக்கு வேணுங்கிறது டார்ச். அதுவும் துப்பாக்கியில மாட்டுறது இல்லை, இன்னொரு கையில பிடிக்கிறது. மாட்டுனதால தேடுனா தேடுற ஆளு மேலயே துப்பாக்கியும் நீட்டுதே! இந்த ஊர் உள்சுவர் எல்லாம் ஜிப்சம் பலகை வேற. 9 எம்எம் குண்டு அப்பளம் மாதிரி உடைச்சுக்கிட்டுப் போயிரும். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் குட்டிப் பொண்ணோட கட்டில்.

"புள்ளியைப் பார்த்தாலே பயந்து ஓடிருவான்"னும் சொல்றாங்க. ஓடலாம். தன் நெஞ்சைத் தானே குனிஞ்சு பார்க்குற திருடனா இருந்தா :-)

அப்போ இதுக்கு உருப்படியான உபயோகமே இல்லையா? இருக்கு, விளம்பரத்துல பெருசா போடாத ஒண்ணு. தோட்டாவை எல்லாம் வேற ரூம்ல வச்சுட்டு, காலியான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, கெட்டியான சுவர்ப் பக்கம் நீட்டி விசையை அமுக்கிப் பழகுங்க. கை எவ்வளவு ஆடுதுன்னு அந்தப் புள்ளி சுவத்துல கோடு போட்டே காட்டும். வாத்தியார் பத்து தடவை கத்துறதை விட இது நல்லா ஏறும். நண்பருக்கு நான் சொன்ன வரிசை இதான்: முதல்ல விரல் வச்சா திறக்குற பெட்டி, அப்புறம் டார்ச், அப்புறம் பயிற்சி வகுப்பு. லேசர் காசு 250 டாலர்ல ஒரு 800 தோட்டா வரும், அதை அவரும் அக்காவும் சேர்ந்து ரேஞ்ச்ல தீர்க்கட்டும். அதுக்கப்புறமும் ஆசை விடலைன்னா, பிடியை இறுக்குனாலே எரியுற மாதிரி பச்சை லேசரா வாங்கட்டும், பதட்டத்துல சுவிட்ச்சைத் தேட வேண்டாம். பேட்டரியை வருஷா வருஷம் பொண்ணு பொறந்தநாளுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன்.