வெறும் தலைவலிதானே என்போருக்கு

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பாதையில், மலைநாட்டின் வாசல் என்று சொல்லத்தக்கதாய் அமைந்த கினிகத்தேனையிலும், அதனைச் சூழ்ந்துள்ள கெனில்வர்த், பிளக்வோட்டர் முதலிய தோட்டங்களின் லயங்களிலும், ஒற்றைத் தலைவலியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வெகு காலமாக வேரோடிக் கிடக்கிறது. தலைவலி என்பது வியாதியே அல்ல, வேலைக்குச் சுணங்குகிறவர்கள் கண்டுபிடித்த சாக்கு. ஒருகால் மெய்யாகவே வந்தாலும் அது மழையினாலும் குளிரினாலும் வருவது. இரண்டு பனடோலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் போதுமான சிகிச்சை. அதற்கு மேல் வைத்தியம் என்று ஒன்று கிடையாது என்பதே அதன் சாரம். கங்காணிமார் மட்டும் இப்படிச் சொல்லித் திரிந்தால் அது அவர்களுடைய உத்தியோக தர்மம் என்று விட்டுவிடலாம். நோயாளியின் மாமியாரும் கணவனும், பல சமயங்களில் நோயாளியேகூட, இதனை வேதவாக்காக நம்புவதால், ஒவ்வொரு கூற்றாக எடுத்துப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

சாக்கு என்பார் காட்டும் பிரதான ஆதாரம், நோயின் அடையாளம் வெளியே தெரிவதில்லை என்பது. காலையில் பிரட்டுக் களத்தில் நன்றாக நின்றவள், பத்து மணிக்கு நிரையை விட்டு விலகித் தேயிலைச் செடியோரம் குந்தி வாந்தி எடுக்கிறாள். கூடையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பி, காம்பராவின் கதவைச் சாத்தி, கண்களின் மேல் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த காம்பராவில் பாடும் ரேடியோவை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறாள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒன்றும் நடவாதது போல மலைக்கு வருகிறாள். காய்ச்சலில்லை, வீக்கமில்லை, இரத்தப் பரிசோதனையில் குறையில்லை. ஆகையால் நடிப்பு என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஆனால் எதனை நடிப்புக்குச் சான்றாகக் காட்டுகிறார்களோ அதுவே இந்நோயின் இலட்சணம். நான்கு மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பது, பெரும்பாலும் தலையின் ஒரு பாதியில் நாடித் துடிப்போடு சேர்ந்து தெறிப்பது, நடந்தாலும் படியேறினாலும் அதிகரிப்பது, குமட்டலை உடன் கொண்டுவருவது, வெளிச்சத்தையும் சத்தத்தையும் சகிக்கவொட்டாமற் செய்வது, பின்பு தானே விலகுவது என்றுதான் வைத்திய உலகம் இதனை வரையறுத்திருக்கிறது. வைத்திய நூலில் ஒரு பக்கம்கூட வாசித்திராத தோட்டத்துப் பெண் அந்த இலட்சணங்கள் அத்தனையையும் பிசகாமல் நடித்துக் காட்டுகிறாள் என்று நம்புவதற்கு, அவள் சொல்லை நம்புவதற்கு வேண்டியதைவிட அதிகமான விசுவாசம் தேவைப்படும்.

கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது என்பதற்கு விஞ்ஞான வரலாற்றில் ரசமான ஒரு சான்று உண்டு. சிலருக்கு வலி எழுமுன் பார்வையில் நெளிநெளியான ஒளிக்கோடுகள் தோன்றி மெல்ல மெல்ல நகரும். தமக்கே அவ்வாறு தோன்றிய கோடுகளை நேரத்தோடு காகிதத்தில் வரைந்து வைத்த கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியலாளர், மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒரு கலக்கம் நிமிஷத்துக்கு 3 மில்லிமீற்றர் வேகத்தில் பரவ வேண்டும் என்று 1941இல் கணக்கிட்டு எழுதினார். 1944இல் பிரேசில் தேசத்து விஞ்ஞானி லியாவோ, முயலின் மூளைப் புறணியில் ஏறத்தாழ அதே வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஒரு மின்னடக்க அலையைக் கண்டு வெளியிட்டார். மூளையைப் போர்த்திய சவ்வின் இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகள் சில இரசாயனங்களைச் சொரிவதால் வலி எழுகிறது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி துலக்கியது. அவற்றுள் ஒன்றின் செயலைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் மேல்நாடுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டன. சாக்குக்கு யாரும் ஊசி மருந்து கண்டுபிடிப்பதில்லை.

அன்றியும், தோட்டத்தில் சாக்குச் சொல்வதால் யாருக்கு லாபம்? 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயமான பின்னும், குறித்த அளவு கொழுந்து தராசில் நிற்காவிட்டால் அரைப் பேர்தான் விழும். பாதி நாட் கூலியை இழந்து இருட்டுக் காம்பராவில் வாந்தியெடுத்துக் கிடப்பதை உல்லாசம் என்று எண்ணுகிறவர்கள், அந்த உல்லாசத்தை ஒருநாள் அனுபவித்துப் பார்க்கலாம்.

பெண்பிள்ளைகளின் பலவீனம் என்னும் கூற்றுக்கு அதிக விடை வேண்டியதில்லை. பருவமடையும் முன் ஆண் குழந்தைகளிடமும் பெண் குழந்தைகளிடமும் இந்நோய் ஏறத்தாழச் சமமாகவே காணப்படுகிறது; அதன்பின் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்காகப் பெருகுவதற்கு, மாதவிடாயை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு சடுதியாகத் தாழ்வது ஒரு முக்கிய காரணமேயன்றி, மனத்திடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டோரில் வேலைசெய்யும் ஆண்களுக்கும் இது வருகிறது. அவர்கள் சொல்ல வெட்கப்படுகிறார்கள், அவ்வளவே.

மழைதான் காரணம் என்பவர்களுக்கு இந்த இடமே சாதகமாக இருக்கிறது. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டும் மேற்குச் சரிவில், எந்த நோயையும் மழையின் மேல் ஏற்றிச் சொன்னால் ஆட்சேபிப்பார் இல்லை. ஆயினும் உலக சனத்தொகையில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு உள்ள இந்நோய், வெயில் காயும் யாழ்ப்பாணத்தையும் மணல் பறக்கும் அரபு தேசங்களையும் விட்டுவைக்கவில்லை. வானிலை மாறுவது சிலருக்கு வலியைக் கிளப்பிவிடுவது மெய். கிளப்புவது வேறு, மூலகாரணமாவது வேறு. மூலம், பெரும்பாலும் பரம்பரையாக வரும் மூளையின் ஒரு சுபாவம். பீனிசம் என்று சொல்லி மூக்குக்கு மருந்திடுவோரும் பலர். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தமக்கு உள்ளது பீனிசத் தலைவலி என்று தாமே நம்பிய 2991 பேரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையே. கூடைக் கயிறு தலையை அழுத்துவதால் வலிக்கிறது என்பதை நான் முற்றிலும் மறுக்கமாட்டேன், ஏனெனில் அப்படியும் ஒரு தலைவலி உண்டு. ஆனால் அது பாரத்தை இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கூடையை இறக்கி இரண்டு நாளாகியும் தீராத வலிக்குக் கயிற்றைக் குறை சொல்வது நியாயமன்று.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு விளைப்பது பனடோல் சித்தாந்தமே. மருந்தைப் பற்றி எனக்கு விரோதமில்லை. வலி தொடங்கிய மாத்திரத்தில் முழு அளவாக இரண்டு வில்லைகள் விழுங்கினால் பலருக்கு அது கேட்கிறது. ஆனால் இந்நோயில் இரைப்பை தன் வேலையை மந்தப்படுத்திவிடுவதால், மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடியட்டும் என்று பொறுத்திருந்து விழுங்கிய வில்லை வயிற்றிலேயே கிடக்கும், அல்லது வாந்தியோடு வெளியே வரும். வைத்தியர்கள் வாந்தியை நிறுத்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான். இதைவிடப் பெரிய அபாயம் பழக்கத்தில் இருக்கிறது. பிரட்டுக்குப் போகுமுன் இரண்டு, மத்தியானம் இரண்டு, படுக்குமுன் இரண்டு என்று பழகிய வீடுகளின் கடைப் பற்றுக் கொப்பியைப் புரட்டினால், அரிசிக்கும் மாவுக்கும் அடுத்த வரியில் பனடோல் காட் வாரந்தோறும் ஏறியிருக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ இப்படிச் சாதாரண வலி மாத்திரைகளையும், 10 நாளோ அதற்கு மேலோ கலப்பு மாத்திரைகளையும், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து விழுங்கினால், மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடுகிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போல, வலிக்கு மாத்திரை, மாத்திரையினால் வலி என்று முதல் பெருகிக்கொண்டே போகும். நிறுத்தும்போது சில நாட்கள் வலி மிஞ்சும், பிறகே தணியும். ஆகையால் வைத்தியரின் துணையோடு நிறுத்துவது விவேகம். தேத்தண்ணியின் கதையும் ஏறக்குறைய இதுவே: அதிலுள்ள காபீன் சிறிது உதவும், அளவு மீறிப் பழகியபின் ஒருநாள் தவறினால் அதுவே தலையை இடிக்கும்.

கடைசியாக, இதற்கு வைத்தியமே இல்லை என்ற நிராசை. 1966இல், இருதய நோய்க்காகப் புரோப்ரானலோல் கொடுக்கப்பட்டவர்களுக்கு ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை வைத்தியர்கள் தற்செயலாகக் கவனித்தார்கள்; அந்த மலிவான மாத்திரை அன்று முதல் வலி வராமற் தடுக்கும் ஔஷதமாக இருந்துவருகிறது. இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக உட்கொண்டால்தான் பலன் தெரியும். நோய் அடியோடு ஒழியாவிட்டாலும், வலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி. பட்டினியும், கெட்ட தூக்கமும், தண்ணீர் குடியாமையும் வலியை அழைப்பவை. இவற்றுள் கடைசியானதற்குப் பெண்களைக் குறை கூறுவது அநியாயம். மலையில் ஒதுங்க ஒரு கழிப்பிடம் இல்லாததால் அல்லவா அவர்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள்?

ஆகவே வலி வந்த நாட்களையும் மாத்திரை விழுங்கிய நாட்களையும் சுவரிலுள்ள கலண்டரில் குறித்துக்கொண்டு, நாவலப்பிட்டியிலோ டிக்கோயா கிளங்கனிலோ உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அந்தக் கலண்டரையே எடுத்துச் செல்லுங்கள். இடி விழுந்தாற்போல் சடுதியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கை கால் சோர்வோ வாய் குழறலோ கூடிய வலி ஆகியவை இந்தக் கட்டுரைக்குப் புறம்பானவை. அவற்றுக்குக் கலண்டர் வேண்டாம், 1990 என்னும் அம்புலன்ஸ் எண்ணை உடனே அழையுங்கள். கங்காணிமாருக்கும் ஒரு விண்ணப்பம்: வலி தொடங்கிவிட்டது என்று ஒருத்தி சொன்னால், நிரை முடியட்டும் என்று நிறுத்தி வைக்காதீர்கள். தாமதித்து மாத்திரை விழுங்கியவளின் வேலை மறுநாளும் போகும்; உடனே விழுங்கி இரண்டு மணி நேரம் இருட்டில் படுத்தவள், பல வேளைகளில், அன்று பிற்பகலே மலைக்குத் திரும்பிவிடுவாள்.