வந்தவர்களால் வளர்ந்த ஊர்: திருப்பூர் மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

நூறு ஆண்டுகளுக்கு முன் திருப்பூர், நொய்யல் கரையில் அமைந்த ஒரு பருத்திச் சந்தை ஊர். ரயில் பாதையும் ஜின்னிங் ஆலைகளும் அதை வளர்த்தன; கதர் இயக்கம் அதற்குப் பெயர் தந்தது. 1932 ஜனவரியில் கொடி ஏந்தி அடிபட்டு உயிர்நீத்த ‘திருப்பூர் குமரன்’ பிறந்தது சென்னிமலையில். அவரும் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்தவரே. ஊரின் பெயரே முன்னொட்டாக நிற்கும் தியாகி வெளியூர்க்காரர் என்பது திருப்பூரின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

மக்கள் வரவு மூன்று அலைகளாக நிகழ்ந்தது. கிணற்றுப் பாசனம் கைவிட்ட சுற்றுவட்டார உழவர்கள் முதலில் வந்தார்கள். பனியன் கம்பெனிகளில் வேலை பழகி, அவர்களுள் பலர் முதலாளிகளானார்கள். 1980-களில் ஏற்றுமதி பெருகியபோது மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்தன. 2000-க்குப் பிறகு பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 3.44 லட்சம். வேலம்பாளையம், நல்லூர் முதலிய பகுதிகளை இணைத்து விரிந்த மாநகராட்சி எல்லைக்குள் 2011-ல் அது 8.77 லட்சம்.

ஒவ்வொரு அலையும் ஊரின் முகத்தை மாற்றியது. கொங்குத் தமிழோடு மதுரைப் பேச்சு கலந்தது. இன்று கட்டிங், ஓவர்லாக், செக்கிங் பிரிவுகளில் மேஸ்திரிகள் இந்தியும் பேசுகிறார்கள். இட்லிக் கடைக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடையும், மளிகைக் கடையில் கடுகெண்ணெயும் இடம்பிடித்தன. வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தைச் சுற்றியும் காதர்பேட்டையிலும் நிறைகிறார்கள். தோட்டங்கள் இருந்த இடங்களில் லைன் வீடுகள் எழுந்தன: வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஓரிரு கழிப்பறைகள்.

மாறாதது ஒன்று: ஊரின் கணக்கு. ஓர் அறையில் ஐந்து பேர் தங்கினாலும், குழாய் இணைப்பும் வரியும் கட்டடத்தின் பெயரில் இருக்கின்றன. தங்கியிருப்பவர்களின் எண்ணிக்கை அந்தப் பதிவேடுகளில் ஏறுவதில்லை. வாக்கு சொந்த ஊரில் இருப்பதால் வார்டு உறுப்பினரிடம் அவர்களின் குரல் எட்டுவதில்லை. 2020 அக்டோபர் முதல் வெளிமாநிலக் குடும்ப அட்டைக்கும் தமிழ்நாட்டில் ரேஷன் வாங்க வழி உண்டு. அந்த வழி இருப்பதையே அறியாதவர்கள் உண்டு.

கணக்கில் வராத மக்கள் நெருக்கடியில் முதலில் வெளியேறுகிறார்கள். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் வேலையிழந்தவர்கள் ஊர் திரும்பினர். 2020 ஊரடங்கில் அதுவே மேலும் பெரிய அளவில் நடந்தது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, அச்சம் ஒரு சில நாள்களில் பலரை ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனது. அண்டை வீட்டாரை அறியாத ஊரில் வதந்தி எளிதாக வேர் பிடிக்கிறது. தெருவில் ஏளனமாகப் புழங்கும் ‘வடக்கன்’ என்ற சொல் அந்த அறியாமையின் அடையாளம்.

மாநகராட்சியின் அதிகார வரம்புக்குள்ளேயே செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, லைன் வீடுகளில் குடியிருப்போரை வார்டுவாரியாக எண்ணுவது. இது காவல் நோக்கில் அல்லாமல், சேவை நோக்கில் நடக்க வேண்டும். இரண்டாவது, அந்த எண்ணிக்கைக்கேற்பக் குடிநீரும் கழிப்பறையும் இருப்பதைக் கட்டட உரிமையாளர்களுக்குக் கட்டாயமாக்குவது. மூன்றாவது, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் அறிவிப்புகளும் மொழிபெயர்ப்பாளரும். நான்காவது, மாநகராட்சிப் பள்ளிகளில் வெளிமாநிலக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் இணைப்பு வகுப்புகள். தமிழ் பேசி வளரும் குழந்தை அடுத்த தலைமுறையில் இந்த ஊர்க்காரராகிவிடும். சென்ற நூற்றாண்டில் வந்த குடும்பங்கள் அவ்வாறே ஆகியிருக்கின்றன.

இந்த நான்கையும் வரும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கோரப்படுகிறது.

இப்படிக்கு,
திருப்பூர்வாசி