சிற்றுருவ வானூர்திகள்: விளையாட்டோ, கல்வியோ?

அறிவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் கடைசி வரிசையை நன்கறிவர். செய்யுள் நடத்திக்கொண்டிருக்கையில் அங்கே இயற்பியல் குறிப்பேடு எழுதப்படும், கணக்குப் போடப்படும், சில வேளை உறக்கமும் நிகழும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வரிசையிலிருந்து உப்புத்தாள் தேய்க்கும் ஓசை கேட்டது. எழுந்து சென்று பார்த்தோம். முதலாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர், மேசைக்கடியில், ஒரு சாணுக்கும் குறைவான மரத்துண்டு ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். தோசைக்கல் போன்ற வட்ட வடிவம். முன்புறம் இருபுறமும் இரண்டு முளைகள். "என்ன இது?" என்றோம். "விமானம் ஐயா" என்றார். வகுப்பே நகைத்தது. நாமும் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் கூறியது உண்மையே. அமெரிக்காவில் சார்லஸ் சிம்மர்மன் என்னும் பொறியாளர் வகுத்த கருத்தின்படி வாட் நிறுவனம் கட்டிய வி-173 என்னும் சோதனை வானூர்தியின் சிற்றுருவம் அது. 48-இல் ஒரு பங்கு அளவு. மூல ஊர்தி 1942 நவம்பர் 23 அன்று முதன்முறை பறந்தது. உடலென்றும் இறக்கையென்றும் பிரிவில்லாமல் முழுவதுமே ஒரு வட்டத் தட்டு. அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். 80 குதிரைத்திறன் பொறிகள் இரண்டு. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. குட்டையான இறக்கையில் கீழ்க்காற்று நுனி வழியே மேலேறிச் சுழித்து ஊர்தியைப் பின்னிழுக்கும். சிம்மர்மன் அந்நுனிகளிலேயே 5 மீட்டர் விட்டமுள்ள பெரும் விசிறிகளைப் பொருத்தி, காற்றின் சுழிப்புக்கு எதிர்த்திசையில் அவற்றைச் சுழலச் செய்தார். விளைவு, ஏனைய வானூர்திகள் தலைகுப்புற விழும் மெதுவான வேகத்திலும் இது நிலைத்துப் பறந்தது.

இதன் வழித்தோன்றலாக முழுதும் உலோகத்தால் செய்யப்பட்ட போர் ஊர்தி, எக்ஸ்.எஃப்.5.யூ என்பது, தரையைவிட்டு முறையாக எழும்பவேயில்லை. தாரை விமானங்களின் காலம் பிறந்துவிட்டமையால் 1947-இல் திட்டம் கைவிடப்பட்டு, ஊர்தி நொறுக்கப்பட்டது. மரத்தாலும் துணியாலுமான மூத்தது மட்டும் தப்பியது. பிற்காலத்தில் அந்நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர்கள் பல்லாண்டுகள் கூலியின்றி உழைத்து அதனைச் செப்பனிட்டனர். இன்று டல்லாஸ் நகர வானூர்தி அருங்காட்சியகத்தில் அது உள்ளது.

மாணவரிடம் தண்டனையாக ஒன்றைச் சொன்னோம்: இவ்வூர்தியைப் பற்றித் தமிழில் ஐந்து பக்கக் கட்டுரை எழுதுக. எழுதி வந்தார். இருபுறத்துப் பின்விளிம்புகளில் மேலும் கீழுமாக அசையும் தட்டுக்குக் கலைச்சொல் அகராதியில் எடுத்த நெடுஞ்சொல் ஒன்றை முதலில் இட்டு, அதனை அடித்து, "கீலிறக்கை" என மேலே எழுதியிருந்தார். ஏன் என்று வினவினோம். "எங்கள் மாமா தச்சுவேலை செய்பவர் ஐயா. கதவு அசைவதும் கீலில், இது அசைவதும் கீலில். மாமாவுக்கு நான் இதை அப்படித்தான் விளக்கினேன்" என்றார். கலைச்சொல்லாக்கம் குறித்து நாம் ஒரு பருவம் முழுவதும் நடத்தியதில் இத்தகைய சொல் ஒன்று பிறந்ததில்லை.

அன்று தொட்டு இப்பொருளைப் பற்றி நாம் படிக்கலானோம். படித்ததன் பயனாக நமக்கென ஒரு கருத்தும் உருவாயிற்று. சிற்றுருவம் செய்தலைப் பெரியவர்கள் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதே அது.

அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், 1871 ஆகஸ்ட் 18-ஆம் நாள், பாரிஸ் நகரப் பூங்காவொன்றில் முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு வானூர்தியைப் பறக்கவிட்டார். 11 விநாடிகள், ஏறத்தாழ 40 மீட்டர். வால் இருந்தமையால் அது தானே நிலைகொண்டு பறந்தது. ஆள் ஏறும் ஊர்தி கட்டப் பொருள் தருவார் இன்றி, 30-ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆயினும் அவர் வகுத்த மற்றொரு பொம்மை, தக்கையும் மூங்கிலும் காகிதமும் கொண்டு மேலெழும்புவது, கடல் கடந்தது. 1878-இல் மில்டன் ரைட் என்பார் அதனை வாங்கித் தம் மைந்தர் இருவருக்கும் கொடுத்தார். அம்மைந்தர் வில்பரும் ஆர்விலும். அது உடைந்தபின் அவர்களே அதுபோலச் செய்தனர். பின் அதனினும் பெரிதாகச் செய்தனர். பெரிதாக்க ஆக்கப் பறப்பது குறைந்தது. காரணம் அப்போது விளங்கவில்லை என்றும், நீளம் இருமடங்கானால் எண்மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்ததாகவும் அவர்கள் எழுதியுள்ளனர். நம் மாணவர்கள் இவ்விதியைப் பாடநூலில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படிக்கின்றனர். அச்சிறுவர்கள் அதனை உடைந்த மூங்கிலில் படித்தனர்.

அளவு சிறுத்தால் எல்லாம் ஒருசேரச் சிறுப்பதில்லை என்பது இக்கலையின் உயிர்நிலை. நீளம் பாதியானால் பரப்பு காற்பங்கு, எடை அரைக்காற்பங்கு. ஆகவே 16-இல் ஒரு பங்காகச் செய்யப்பட்ட ஊர்தி, மூல ஊர்தியைவிட நான்கு மடங்கு விரைவாகத் துள்ளும். அதனைப் படமெடுத்து அந்த அளவுக்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் பெரியதன் இயல்பு புலப்படும். சிறியதைப் பார்த்துப் பெரியதை அப்படியே முடிவு செய்வோரும் ஏமாறுவர். சிறியது பொய் சொல்லும் என ஒதுக்குவோரும் இழப்பர்.

1962-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் எட்வர்ட்ஸ் பறப்பு ஆய்வு மையத்தில் டேல் ரீட் என்னும் பொறியாளர் இருந்தார். விண்ணிலிருந்து மீளும் கலம் குடையில் தொங்கிக் கடலில் விழாமல், வானூர்திபோல் தரையிறங்க இயலுமா என்பது அவர் எண்ணம். இறக்கையே இல்லாத, கூம்பை நெடுக்கில் பிளந்தாற்போன்ற உடல் ஒன்று அதற்கு ஏற்றதெனக் கோட்பாட்டாளர் கூறினர். மேலதிகாரிகள் நம்பவில்லை. ரீட் பால்சா மரத்தில் ஒரு சிற்றுருவம் செய்தார். வானொலியால் இயங்கும் மற்றொரு சிறு விமானத்தால் அதனை உயர இழுத்துச் சென்று விடுவித்தார். அவர்தம் மனைவியார் 8 மில்லிமீட்டர் படக்கருவியால் அதனைப் படமெடுத்தார். அப்படத்தைக் கண்ட மையத் தலைவர் பால் பிக்கிள் முழு அளவு ஊர்திக்கு இசைவளித்தார். அதுவும் ஒட்டுப்பலகையால் ஆனதே. செலவு சுமார் 30,000 டாலர். விண்வெளித் துறையில் இதனைச் சில்லறை என்றுதான் சொல்லவேண்டும். எம்2-எஃப்1 எனப் பெயர்பெற்ற அவ்வூர்தியை முதலில் வறண்ட ஏரிப்படுகையில் ஒரு போண்டியாக் கார் இழுத்தது. 1963 ஆகஸ்ட் 16 அன்று விமானத்தால் உயரே இழுத்துச் செல்லப்பட்டு, மில்ட் தாம்சன் அதனைத் தனியே இறக்கினார்.

அவ்வழியில் வந்த ஊர்திகள் விபத்தும் கண்டன, வெற்றியும் கண்டன. 1981 ஏப்ரல் 14 அன்று கொலம்பியா விண்ணோடம் பொறியாற்றல் ஏதுமின்றி அதே எட்வர்ட்ஸில் தரையிறங்கியபோது, அது இயலும் என்னும் துணிவை வளர்த்தவற்றுள் அந்த ஒட்டுப்பலகையும் ஒன்று. நம் நாட்டிலும் 2016 மே 23 அன்று இஸ்ரோ நிறுவனம், மீண்டும் பயன்படும் ஏவுகலத்துக்காக 6.5 மீட்டர் நீளமுள்ள சிறிய உருவொன்றை விண்ணில் செலுத்திப் பார்த்தது. 2023 ஏப்ரல் 2 அன்று சித்ரதுர்காவில், ஹெலிகாப்டரிலிருந்து 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவிக்கப்பட்ட ஊர்தி தானே ஓடுதளம் தேடி இறங்கிற்று. முழுக்கலம் கட்டுமுன் சிறு கலம் செய்து பார்க்கும் முறைக்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டுவதில்லை.

ஈண்டு நம் சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்றைப் பணிவுடன் சொல்ல விழைகிறோம். மேடைதோறும் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் பற்றிப் பெருமை பேசுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் இறகுகள் பூண்டு பறக்க முயன்றவர் அவர். அச்செய்தியை நமக்கு விரித்துரைக்கும் அல்-மக்கரீ, அவர் காலத்திற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்வந்தவர். ஆகவே அளவறிந்து பேசுதல் நலம். அது நிற்க. அக்குறிப்பிலேயே மற்றொன்றும் உள்ளது. பறவை வாலை ஊன்றி இறங்குகிறது என்பதை உணராமல் வாலின்றி இறங்கியதால் அவர் முதுகில் காயமுற்றார் என்பதே அது. மேடையில் நாம் பறந்ததைச் சொல்கிறோம், வாலைச் சொல்வதில்லை. பறந்த கதைக்குக் கைதட்டும் அதே அவையினர், தம் பிள்ளை அட்டையும் பசையும் கொண்டு அமர்ந்தால் "தேர்வுக்குப் படி" என்கின்றனர். வால் ஏன் வேண்டும் என்பதை ஒரு மாலைப்பொழுதில் தெர்மாகோல் தட்டொன்று கற்பித்துவிடும். வெட்டி, மாடியிலிருந்து எறிந்து பார்த்தால் போதும்.

நம் மாணவர் செய்தவற்றுக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். அவர் அவ்வட்ட ஊர்தியை வேறோர் ஊரில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டு சென்றார். நடுவராக வந்த ஒருவர், "தோற்றுப்போனதைச் செய்துகாட்டி என்ன பயன்? வென்ற விமானம் ஒன்றைச் செய்திருக்கலாமே" என்றாராம். பரிசு கிடைக்காததைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. ஆனால் அவ்வினா தவறானது. வென்ற விமானங்களுக்குக் கடையில் பெட்டி கிடைக்கிறது. அச்சிட்ட குறிப்பைப் பார்த்து ஒட்டினால் முடிந்தது. பிறழ்ந்த வடிவங்களுக்குப் பெரும்பாலும் பெட்டி இல்லை. செய்பவரே பழைய நிழற்படங்களை அளந்து வரைபடம் ஆக்கவேண்டும். தெரியாததை இன்னொருவரிடம் கேட்கவேண்டும். தாம் கண்டதைக் கொடுத்தே பிறர் கண்டதைப் பெறவேண்டும். கொடுக்கல் வாங்கல் இல்லாமல் இக்கலை நடவாது. மேலும், ஏன் தோற்றது என்னும் வினாவுக்கு விடை தேடாமல் அதனைச் செய்து முடிக்கவும் இயலாது.

கண்காட்சி முடிந்தபின் அச்சிற்றுருவத்தை நம் பொறுப்பில் விட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியின் மேல் வைத்து, மாணவர் எவரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டோம். கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க வந்தவர்கள் குப்பையோடு அதனையும் அள்ளிவிட்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அது இன்னதென்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நாம் ஒரு சீட்டும் எழுதி வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் அம்மாணவர் வந்து கேட்டபோது நாம் தலைகுனிந்து நின்றதை இன்றும் மறவோம். அவர் சிறிது நேரம் அலமாரியின் மேற்புறத்தையே பார்த்தார். பின்பு, "பரவாயில்லை ஐயா, வரைபடம் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கிறது. இரண்டு பேர் செய்து முடித்துவிட்டார்கள்" என்றார்.

ஏட்டுச்சுவடி படித்த நமக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்கலாகாது. பேழையில் பூட்டிய ஏடு செல்லுக்கு இரையாயிற்று. பெயர்த்தெழுதிப் பிறர்க்கு வழங்கிய ஏடே நம் கைக்கு வந்தது. அர்வித் தமிழ்ச் சுவடிகளுக்கும் இதே கதிதான். வகுப்பில் இதனை ஆண்டுதோறும் சொல்லிவிட்டு, கைக்கு வந்த ஒன்றை அலமாரியின் மேல் ஏற்றிவைத்தவர் நாமே.

செலவு குறித்த அச்சம் சிலருக்கு உண்டு. அயல்நாட்டுப் பெட்டிகள் விலைமிக்கவை என்பது உண்மை. ஆனால் தேர்வு அட்டை, மூங்கில் சீவல், தெர்மாகோல், பசை ஆகியவற்றுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவே ஆகும். தஞ்சை வட்டாரத்தில் நெட்டியைச் சீவிக் கோபுரமும் தேரும் செய்யும் கைவினைஞர் உள்ளனர். கனமற்ற அந்த நெட்டியில் உருவம் எடுக்க அவர்களிடம் பயில மாணவர்களை அனுப்பலாம். கணினியில் வரைந்து எந்திரத்தால் அச்செடுக்கும் முறையும் இப்போது வந்துள்ளது. அது நன்றே. ஆயினும் முதல் உருவைக் கையால் செய்வோரே பொருளின் எடையை அறிவர் என்பது நம் எண்ணம். கணினித் துறை நண்பர்கள் இதில் மாறுபடுவர்.

கல்லூரியை நாம் வேண்டுவது பெரிதன்று. இயற்பியல் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சிற்றறை மாலை வேளைகளில் திறந்திருக்கவேண்டும். மாணவியர்க்கும் அதில் நேரம் ஒதுக்கப்படவேண்டும். செய்யப்படும் ஒவ்வொன்றுக்கும் வரைபடமும், எங்கே பிழைத்தது என்னும் குறிப்பும் தமிழில் எழுதிச் சேர்க்கப்படவேண்டும். பிழைக் குறிப்பு இல்லாத வரைபடத்தை ஏற்கலாகாது. பரிசு வேண்டா, பரிசு வந்தால் மறைத்துவைக்கும் குணமும் உடன் வரும்.

தாளாளர் அவர்கள் இது குறித்து ஆவன செய்வதாகச் சொல்லியுள்ளார்கள். அதுவரை, வி-173 வரைபடமும் அம்மாணவர் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரையும் தமிழ்த்துறையில் நம் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் உள்ளன. இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. வேண்டுவோர் எடுத்துச் சென்று படியெடுத்துக்கொள்ளலாம்.