வாயைத் திறக்காத அம்மா

போன வருஷம் கொளத்தூரில் ஆறு மஞ்சள் சிக்லிட் வாங்கினேன். பூர்வீகம், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி. 'சண்டைக்கார மீன் சார், கல்லடுக்கிப் பொந்து வெச்சிடுங்க' என்றார் கடைக்காரர். குளிக்கும்போது நாம் திட்டுகிற போர்வெல் கடினநீர்தான் இவற்றுக்கு அமிர்தம்.

திடீரென்று ஒரு மீன் சாப்பிடவில்லை. தாடை வேறு உப்பியிருந்தது. வியாதியென்று வலை வீசித் துரத்தினேன். மிரண்டுபோய்த் துப்பியது. அத்தனையும் முட்டை!

விசாரித்தால், இந்த அம்மாக்கள் முட்டையை வாயில்தான் அடைகாப்பார்களாம். அப்பாவின் அடித்துடுப்பில் முட்டை மாதிரியே புள்ளிகள். அதையும் அள்ளப் போகிற சாக்கில் வாய்க்குள்ளேயே கருத்தரிப்பு. அப்புறம் சுமார் 3 வாரம் பட்டினி. பன்னிரண்டரைக்கே ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆசாமி நான். வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை விளக்கணைத்து, பதமாகத் தனித்தொட்டிக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். பதினாலு குஞ்சுகள்! அம்மா மீன் மட்டும் ஒட்டிய வயிறோடு ஓரமாக நின்றது.

அன்றைக்கு ராத்திரி லேட்டாக வீடு திரும்பினேன். "சாப்பிட்டியாடா?" என்றாள் அம்மா, வழக்கம்போல.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றேன், முப்பது வருஷத்தில் முதல் முறையாக.

பதில் வரவில்லை. தட்டு மட்டும் இரண்டாக வந்தது.