ஒருபொருட் பன்மொழியோ?

கற்பனை மொழியொன்றின் சொற்களை ஆராய்வது வீண்காலம் போக்குதலென நண்பர் சிலர் எம்மை நகைப்பர். அந்நகைப்பைப் பொறுத்துக்கொண்டு, கிளிங்கன் மொழியில் யாம் கண்ட உண்மையொன்றை ஈண்டு உரைக்கத் துணிகின்றோம்.

கிளிங்கர் என்போர் 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1967-இல் முதன்முதல் தோன்றிய வேற்றுலக மறக்குடியினர். 1984-இல் வெளிவந்த திரைப்படத்தின்பொருட்டு, மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழிநூலறிஞர் அவர்க்கென இலக்கண வரம்புடைய மொழியொன்றை ஆக்கினார். 1985-இல் அதற்கு அகராதியும் வெளியிட்டார்.

மறவர் மொழியாதலின், உயிர் போக்குதலைக் குறிக்கும் சொற்கள் அதன்கண் பல. 'ஹோஹ்' என்பது பொதுவாகக் கொல்லுதல்; 'சோட்' என்பது கொலைக்குற்றம் புரிதல்; 'முஹ்' என்பது தண்டனையாக உயிர் வாங்குதல். மூன்றினும் போவது ஓருயிரே. ஆயினும் செய்தவன் பாதகனோ, நீதியின் ஏவலனோ என்பதைச் சொல்லே தீர்த்துவிடுகின்றது.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெத்' நாடகம் 1996-இல் இம்மொழியிற் பெயர்க்கப்பெற்று வெளிவந்தது. அந்நாடகத்தில், அரசனாகிய தமையனைத் தம்பி நஞ்சிட்டுக் கொன்றது 'சோட்' என்பதில் ஐயமில்லை. பின்னர் ஹாம்லெத் தன் சிறிய தந்தையைக் கொன்றானே, அதனை யாதென்பது? 'சோட்' எனின் அவனும் பாதகன். 'முஹ்' எனின் அவன் நீதி செலுத்தினோன். 'ஹோஹ்' எனின், சொல்லுவோன் தீர்ப்புக் கூறாது விலகிக்கொள்கின்றான். நாடகத்தின் பெருவினா ஒரு சொல்லின் தேர்வில் அடங்கிவிடுவது காண்க.

இனி, 'பட்ல்', 'குவ்' என்னும் இரண்டினையும் ஆங்கிலத்தார் ஒரே சொல்லாற் பெயர்ப்பர். முன்னது மானம் என்னும் பொதுவறம்; பின்னது ஒருவன் தனக்கென உடைய மதிப்பு. தன் மதிப்பைக் காக்க விரும்பி மானத்தைக் கைவிடுவோர் எவ்வுலகினும் உளர். அவர் நிலையை உரைப்பதற்கு இரு சொற்கள் வேண்டுமன்றோ?

நிற்க. இம்மொழி எமக்கு உணர்த்திய எம் பிழையொன்றையும் மறையாது கூறுவோம். சென்ற ஆண்டு யாம் எழுதிய கட்டுரையில், 'கண்டான்', 'பார்த்தான்', 'நோக்கினான்' என்பவற்றை அழகு கருதி மாற்றி மாற்றிப் பெய்திருந்தோம். ஆசிரியர் அவ்விடத்தைக் கோடிட்டு, "கண்டவன் நோக்கினானோ?" என்று மட்டும் வினவினார். விடை கூற அறியாது நின்றோம். கிளிங்கனில் 'லெக்' என்பது காண்டல். 'பெஜ்' என்பது கண் எடாது பார்த்திருத்தல். இவ்வேறுபாட்டைக் கற்ற அன்றே ஆசிரியரது வினா எமக்கு விளங்கிற்று. அயல்மொழிச் சொல்லிடத்துக் காட்டிய கவனத்தை எம் தாய்மொழிச் சொல்லிடத்துக் காட்டாமைக்கு நாணினோம்.

கிளிங்கன் பயில்வோர், சொற்பொருளில் ஐயம் எழுந்துழித் தாமே புதுப்பொருள் படைத்துக்கொள்ளார். ஆக்கியோன் உரைக்குங்காறும் பொறுத்திருப்பர். தமிழுக்கோ அங்ஙனம் வினவத்தக்க தனியொருவர் இலர். பன்னூறாண்டுகளாகப் பேசியும் பாடியும் வந்தோரது வழக்கே நமக்கு ஆசான். அவ்வாசானை அணுகாது, நிகண்டில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களையெல்லாம் ஒன்றெனக் கொண்டு மனப்பாடஞ் செய்வது கல்வியாகாது. நிகண்டு சொற்களின் உறவைக் காட்டும். அவை ஒன்றேயெனச் சாதியாது. உடன்பிறந்தார் இருவரை ஒருவரென மயங்குவது அவ்விருவரையும் அறியாமையே.

ஆகலின், தமிழ் பயிலும் தோழர்காள்! ஒருபொருள் குறித்தனவாகத் தோன்றும் இரு சொற்களைக் காணுந்தோறும், ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நிற்கலாகாத இடம் யாதென வினவுமின். அவ்விடத்தைக் கண்டவரே அச்சொற்களை அறிந்தவராவர். கற்பனை மாந்தர்க்கென ஒருவர் படைத்த மொழிக்கே இத்துணை நுண்மை உண்டெனின், உயிருடைய நம் மொழிக்கு அஃதின்றி அமையுமோ?